பனிநாட்டு வீட்டில் சூரிய மின்சாரம்: லித்தியம் சேமக்கலத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

லடாக்கின் கிழக்குப் பகுதியில் சாங்தாங் எனப்படும் பீடபூமி, கடல் மட்டத்திற்கு மேல் 4,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பரந்து கிடக்கிறது. அங்கு மழை மிகக் குறைவு. வானம் ஆண்டின் பெரும்பகுதி தெளிந்தே இருக்கும். காற்று மெலிந்திருப்பதால், சூரிய ஒளி தரையை அடையுமுன் அதிகமாகச் சிதறி வீணாவதும் இல்லை. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு இந்தியாவில் இதைவிட வாய்ப்பான இடங்கள் சிலவே. ஆனால், பகலில் எடுத்த மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கும் சேமக்கலத்திற்கு இதைவிடக் கொடுமையான இடமும் நாட்டில் அரிது. ஜனவரி மாதத்து இரவுகளில் உஷ்ணநிலை சுழிக்குக் கீழ் 20 பாகை சென்டிகிரேடையும் கடந்து இறங்கிவிடுகிறது. மின்வாரியத்தின் கம்பி எட்டாத ஒரு வீட்டார் பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய லித்தியம் சேமக்கலம், பழுதின்றி நெடுங்காலம் உழைப்பதும், குளிர் மிகுந்த சில காலைகளிலேயே திரும்பப் பெற முடியாதபடி கெட்டுப்போவதும், வாங்கும்போது எத்தகைய கலத்தைத் தேர்ந்தார்கள், அதை வீட்டில் எங்கே வைத்தார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

சேமக்கலம் புதிய பொருளன்று. பிரெஞ்சு விஞ்ஞானியான காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டிலேயே ஈயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடிய கலத்தை அமைத்தார். இன்றும் மோட்டார் வண்டிகளிலும் வீட்டு இன்வர்ட்டர்களிலும் பெரும்பாலும் காணப்படுவது அதன் வழித்தோன்றலே. லித்தியம் அயனிக் கலம் 1991-இல் ஜப்பானில் முதன்முதலாக வாணிபத்திற்கு வந்தது. அதற்கு அடிகோலிய ஆராய்ச்சிக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு ரசாயனத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வீட்டு உபயோகத்திற்கு மிக ஏற்றதாக இன்று கருதப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகையை, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் தலைமையில் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரையின் ஆசிரியர்களுள் பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரண்டு பெயர்கள் காணப்படுவதும் குறிப்பிடத்தக்கது.

லித்தியம் கலம் என்று கடைக்காரர் சொன்னதும், அது ஒரே பொருளைக் குறிக்கிறது என்று கொள்வது தவறு. நேர்மின்வாயில் எந்தச் சேர்மம் உள்ளது என்பதே கலத்தின் குணத்தைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை எடையில் இலேசானது. ஒரு கிலோகிராமில் 150 முதல் 250 வாட்-மணி வரை மின்சக்தியை அடக்கும். மோட்டார் வண்டி ஓடுவதற்கு எடை முக்கியமாதலால் அங்கு அது விரும்பப்படுகிறது. இரும்பு பாஸ்பேட் வகையோ கிலோகிராமுக்கு ஏறத்தாழ 90 முதல் 160 வாட்-மணி வரையே அடக்கும். எனினும் அதிலுள்ள பாஸ்பரமும் பிராணவாயுவும் மிக உறுதியாகப் பிணைந்திருப்பதால், அளவுக்கு மீறிச் சூடேறினாலும் பிராணவாயு எளிதில் வெளிப்படுவதில்லை. ஆகவே தீப்பற்றும் அபாயம் குறைவு. மின்னேற்றி இறக்கும் சுழற்சிகளும் பல ஆயிரம் வரை தாங்கும். வீட்டு மூலையில் அசையாமல் நிற்கும் பெட்டிக்கு எடை ஒரு பொருட்டன்று. நெருப்பு வந்தால் அணைக்கத் தீயணைப்பு நிலையம் பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், இந்தத் தேர்வில் தயங்குவதற்கு இடமே இல்லை. லித்தியம் டைட்டனேட் என்னும் மூன்றாவது வகை கடுங்குளிரிலும் மின்னேற்றத்தை ஏற்கும் தன்மை வாய்ந்தது. ஆனால் அதன் விலையும் பருமனும் சாதாரணக் குடும்பத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

எவ்வளவு பெரிய சேமக்கலம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். அண்டை வீட்டாரிடம் எது இருக்கிறதோ அதையே வாங்குவது பலருடைய வழக்கம். சாங்தாங்கில் உள்ள ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். 9 வாட் விளக்குகள் ஆறு, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 270 வாட்-மணி ஆகும். 60 வாட் தொலைக்காட்சிப் பெட்டி நான்கு மணி நேரத்திற்கு 240. அதனுடன் இணைந்த செட்-டாப் பெட்டிக்கு 60. பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினிக்கு 200. கைபேசிகளுக்கும் பிற சிறு பொருள்களுக்கும் 80. 500 வாட் மிக்ஸி கால் மணி நேரம் ஓடினால் 125. ஆக மொத்தம் 975 வாட்-மணி. குளிர்பதனப் பெட்டி இந்தப் பட்டியலில் இல்லை. சாங்தாங்கின் மாரிக்காலத்தில் வீட்டிற்கு வெளியே வைத்த இறைச்சி தானாகவே உறைந்து கிடக்கும்.

இந்த 975 வாட்-மணியோடு கணக்கு முடிந்துவிடவில்லை. நேர் மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக்கும் இன்வர்ட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீணாகும். எனவே சேமக்கலத்திலிருந்து 1,083 வாட்-மணி எடுக்க நேரிடும். இதைவிடப் பெரிய செலவு ஒன்று பெரும்பாலோர் கண்ணில் படுவதே இல்லை. எந்த விளக்கும் எரியாதபோதும், இன்வர்ட்டர் தான் விழித்திருப்பதற்காகவே 20 வாட் உட்கொள்ளுமானால், 24 மணி நேரத்தில் அது 480 வாட்-மணியை விழுங்கிவிடுகிறது. வீட்டிலுள்ள எல்லா விளக்குகளுக்கும் தேவையான 270 வாட்-மணியைக் காட்டிலும் இது அதிகம்! எனவே இன்வர்ட்டரை வாங்கும்போது, அது வேலையின்றி இருக்கையில் எத்தனை வாட் கொள்கிறது என்று கேட்டறிவது, அதன் பெயரையும் நிறத்தையும் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. இரவு உறங்கும் பத்து மணி நேரம் அதை அணைத்து வைத்தால் 200 வாட்-மணி மிச்சமாகும். இவ்வாறு அணைக்காத குடும்பத்தின் நாட்செலவை 1,563, அதாவது முழுமையாக 1,600 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

பனி பொழிந்து சூரியன் தென்படாத நாட்கள் இரண்டு தொடர்ந்து வரக்கூடும் என்று கொண்டால், சேமிப்பில் 3,200 வாட்-மணி இருக்க வேண்டும். கலத்தின் கொள்ளளவில் 80 சதவிகிதத்திற்கு மேல் எடுக்காதிருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது என்பதால், இது 4,000 ஆகிறது. குளிரில் கலம் தன் முழு அளவைத் தருவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு குறையவும் செய்யும். இவ்விரண்டுக்கும் சேர்த்து மேலும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் 5,000 வாட்-மணி, அதாவது மக்கள் வழக்கில் ஐந்து யூனிட் வேண்டும். இரும்பு பாஸ்பேட் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். பதினாறு கலங்களைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி கொள்ளுமானால் மொத்தம் 5,120 வாட்-மணி. இந்த அளவுள்ள பெட்டி இன்று சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. எடை 50 கிலோகிராமை ஒட்டியிருக்கும்.

இதே வேலைக்கு ஈயக் கலங்களை வாங்கினால் என்ன ஆகும்? அவற்றில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் விரைவில் குன்றும். ஆகவே 3,200 வாட்-மணிக்கு 6,400 தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட குழாய்த்தகட்டுக் கலங்கள் நான்கை வாங்க நேரிடும். திராவகத்துடன் அவற்றின் எடை 200 கிலோகிராமைத் தாண்டும். ஏற்றிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவற்றில் வெப்பமாகவும் வாயுவாகவும் வீணாகும். லித்தியத்தில் இந்த நஷ்டம் மிகச் சிறிது. ஆனால் ஈயத்திற்கு ஒரு நற்குணம் உண்டு என்பதை மறைக்கலாகாது. சுழிக்குக் கீழும் அதற்கு மின்னேற்றம் செய்யலாம். நிறைய ஏற்றிய நிலையில் திராவகம் எளிதில் உறைவதில்லை. முற்றிலும் தீர்ந்துபோன நிலையிலோ சுழிக்குக் கீழ் 10 பாகையை ஒட்டியே அது உறைந்து, கலத்தின் உறையைப் பிளந்துவிடும்.

லித்தியத்தின் குறை இதற்கு நேர்மாறானது. குளிரில் அதிலிருந்து மின்சாரத்தை எடுக்கலாம்; பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சுழிக்குக் கீழ் 20 பாகை வரை இதை அனுமதிக்கின்றனர். ஆனால் சுழிக்குக் கீழ் மின்னேற்றம் செய்யலாகாது. இதன் காரணம் அறியத்தக்கது. மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயை விட்டு நீங்கி, எதிர்மின்வாயிலுள்ள கிராபைட் என்னும் பென்சிற்கரியின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து அமர்கின்றன. குளிர் மிகும்போது இவ்வாறு புகும் வேகம் வெகுவாகக் குறைகிறது. அயனிகளோ மின்னோட்டத்தால் உந்தப்பட்டு வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே இடம் பெறாத அயனிகள் கரியின் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடுகின்றன. கோயில் வாயில் குறுகியிருக்கையில் பின்னிருந்து கூட்டம் நெருக்கினால், வாயிலுக்கு வெளியே ஆட்கள் குவிவதைப் போன்றது இது. ஆனால் கூட்டம் பின்னர் கலைந்துவிடும். படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி மீண்டும் பயன்படாது. கலத்தின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிகளைப் போல வளர்ந்து, இரு மின்வாய்களையும் பிரிக்கும் மெல்லிய திரையைத் துளைத்தால், உள்ளேயே குறுக்கு மின்னோட்டம் உண்டாகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கலத்தின்மீது, காலை ஒன்பது மணிக்குத் தெளிந்த வானத்துச் சூரியன் முழு வேகத்தில் மின்சாரத்தைச் செலுத்துகிறது. விளக்குகள் வழக்கம்போல் எரிகின்றன. கலமோ உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கிறது.

ஆதலால் இத்தகைய இடத்திற்குக் கலம் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியதன்று. கலங்களைக் காக்கும் மின்னணுச் சாதனம், வியாபாரிகள் பி. எம். எஸ். என்று குறிப்பிடுவது, உஷ்ணநிலை சுழியை நெருங்கும்போது மின்னேற்றத்தைத் தானே துண்டிக்குமா என்பதே அக்கேள்வி. மலிவான சாதனங்கள் பலவற்றில் வெப்பத்திற்கு எதிரான காவல் மட்டும் உண்டு. குளிருக்கு எதிரான காவல் இராது. விளம்பரத் தாளில் ‘உஷ்ணநிலைப் பாதுகாப்பு உண்டு’ என்று பொதுவாகக் கூறியிருப்பது போதாது. மின்னேற்றத்திற்கான கீழ் எல்லையும், மின்னிறக்கத்திற்கான கீழ் எல்லையும் தனித்தனி எண்களாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உஷ்ணமானியின் முனை பெட்டிக்கு வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால், தேர்ந்த மின்பணியாளர் அதை நீர்புகாத உறையிலிட்டு, உப்புக் கலந்த பனிக்கட்டியில் வைத்துச் சோதிக்கலாம். உப்பிட்ட பனிக்கட்டி சுழிக்குக் கீழ் 10 பாகை வரை எளிதில் குளிரும். அப்போது மின்னேற்றம் நின்றுவிட்டால் காவல் உண்டு. நில்லாவிட்டால் அந்தப் பெட்டி சாங்தாங்கிற்கு உரியதன்று.

துண்டிக்கும் காவல் கலத்தைக் காக்குமேயன்றி வீட்டிற்கு மின்சாரம் தாராது. காலை முழுவதும் கலம் குளிர்ந்தே இருக்குமாயின், குறுகிய மாரிக்காலப் பகலின் பாதி வீணாகும். எனவே கலத்தைச் சூடாக வைத்திருக்க வேண்டும். சில பெட்டிகளில் மெல்லிய வெப்பமூட்டும் தகடு உள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது. சூரியத் தட்டிலிருந்து வரும் மின்சாரம் முதலில் தகட்டைச் சூடாக்கி, கலம் போதிய வெப்பம் பெற்ற பிறகே ஏறத் தொடங்கும். இதற்கு ஆகும் செலவு அஞ்சத்தக்கதன்று. 50 கிலோகிராம் எடையுள்ள கலத்தைச் சுழிக்குக் கீழ் 10 பாகையிலிருந்து மேல் 5 பாகைக்குக் கொணர ஏறத்தாழ 210 வாட்-மணி போதும். ஆயினும் அதைவிடச் சிக்கனமான வழி வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. லடாக்கியரின் மாரிக்காலச் சமையலறை, அடுப்பைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் கூடும் இடம். அதை அடுத்த சரக்கறையில், உட்சுவரை ஒட்டி, தரையிலிருந்து சற்று உயர்த்திக் கலத்தை வைத்தால், சுழிக்குக் கீழ் அது இறங்கும் நாட்கள் மிகச் சிலவே. தெற்கு நோக்கிய கறுப்புச் சுவருக்கு முன்னே கண்ணாடி பொருத்தி வெப்பத்தைச் சேமிக்கும் திரோம்ப் சுவர் அமைந்த வீடுகளும் லடாக்கில் உண்டு. அத்தகைய அறை இன்னும் நன்று. திராவகம் நிறைந்த ஈயக் கலம் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுவதால் அதைக் காற்றோட்டமற்ற அறையில் வைக்கலாகாது. லித்தியம் கலத்திற்கு அத்தடை இல்லை. ஆயினும் உறங்கும் அறையிலும், வெளியேறும் வழியிலும், அடுப்புக்கு மிக அருகிலும் அதை வைக்கலாகாது.

குளிர் மற்றோர் இடத்திலும் ஏமாற்றுகிறது. சூரியத் தட்டின் மின்னழுத்தம் வெப்பத்தில் குறைந்து, குளிரில் உயரும். மேற்கண்ட குடும்பத்திற்கு 540 வாட் தட்டுகள் இரண்டு போதும். அத்தகைய தட்டொன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம் 25 பாகையில் 49.5 வோல்ட் என்றால், இரண்டைத் தொடராக இணைக்க 99 வோல்ட். ‘100 வோல்ட் வரை தாங்கும்’ என்று குறித்த மின்னேற்றச் சீராக்கியை வாங்கியவர், ஒரு வோல்ட் மீதமிருப்பதாக எண்ணி மகிழ்வார். ஆனால் ஒவ்வொரு பாகை குறையும்போதும் மின்னழுத்தம் 0.27 சதவிகிதம் அளவில் உயருமாதலால், சுழிக்குக் கீழ் 25 பாகையில் விடியும் ஒரு காலைப்பொழுதில் அது 112 வோல்ட்டை எட்டிவிடும். சீராக்கி அன்றே எரிந்துபோகலாம். 150 வோல்ட் தாங்கும் சீராக்கியே இங்கு ஏற்றது. தட்டுகளைத் தெற்கு நோக்கி, 45 பாகைக்குக் குறையாத சாய்வில் நிறுத்தினால், மாரிக்காலச் சூரியனும் நேரே விழும். பனியும் வழுக்கி விழுந்துவிடும். உயரம் மிகுந்த இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்வர்ட்டரும் சீராக்கியும் நன்கு குளிர்வதில்லை என்பதையும், அவற்றின் திறனில் முழுவதையும் அங்கு எதிர்பார்க்கலாகாது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாலைவனத்தில் நிலைமை நேர் எதிரானது. ராஜஸ்தானத்தின் பார்மேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் தனித்து நிற்கும் வீடுகளில் கோடை வெயில் 45 பாகையைக் கடக்கும். வெப்பம் மிகுந்தால் கலம் வேலை செய்யாவிட்டாலும் முதுமையடையும். அங்கு வடபுற அறையும் தடித்த கூரையுமே கலத்திற்குக் காவல். தகரக் கொட்டகை அதற்கு எமன். சுந்தரவனத்துத் தீவுகளிலோ உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது.

இரும்பு பாஸ்பேட் கலத்தின் மின்னழுத்தம், கொள்ளளவின் பெரும்பகுதியில் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். ஆகவே வோல்ட் அளவைப் பார்த்து மீதமிருப்பதை ஊகிக்கும் பழைய வழக்கம் இதில் பலிக்காது. உட்சென்ற, வெளிவந்த ஆம்பியர்-மணிகளைக் கணக்கிடும் மானி தேவை. ஈயக் கலத்திற்காக அமைக்கப்பட்ட இன்வர்ட்டரை அப்படியே இதனுடன் இணைப்பதும் தவறு. ஈயத் தகடுகளைச் சமன்படுத்த அவ்வப்போது அளிக்கப்படும் உயர்ந்த மின்னழுத்தம் லித்தியத்திற்கு ஆகாது. பதினாறு கலத் தொடருக்கு 56 முதல் 57 வோல்ட்டுக்குள் மின்னேற்றத்தை நிறுத்துமாறு அமைப்பது பொதுவாகத் தகும். தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். கலத்திற்கும் இன்வர்ட்டருக்கும் இடையே, நேர் மின்னோட்டத்திற்கென்றே செய்யப்பட்ட உருகி அவசியம். லித்தியம் கலத்தின் முனைகள் தவறித் தொட்டால் பாயும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஆகும். வீட்டுச் சுவிட்சுப் பலகையிலுள்ள சாதாரண உருகி அதை அறுக்க வல்லதன்று.

வாங்கும் வேளையில் காணவேண்டியவை இன்னும் சில. சூரிய மின்சாரத்திற்குரிய சேமக்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ. எஸ். 16270 என்னும் தரத்தை வகுத்துள்ளது. அதன்படி சோதித்ததற்கான சான்றைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்ற சொற்களுக்குப் பின்னே, பத்தாண்டின் முடிவில் கொள்ளளவில் எத்தனை சதவிகிதம் மீதமிருக்கும், எந்த உஷ்ணநிலை எல்லைக்குள் உபயோகித்தால் உத்தரவாதம் செல்லும் என்னும் நிபந்தனைகள் சிறு எழுத்தில் இருக்கும். அந்த எல்லை 0 பாகையில் தொடங்குமானால், வெப்பமற்ற அறையில் வைத்த கலத்திற்கு உத்தரவாதம் இல்லை என்பதே பொருள். பெட்டியின்மேல் 5,120 வாட்-மணி என்றிருந்தாலும், உள்ளிருக்கும் காவல் சாதனம் 50 ஆம்பியர் மட்டும் கடத்துமாயின் ஒரே சமயத்தில் 2,500 வாட்டுக்கு மேல் எடுக்க இயலாது. நீர் இறைக்கும் மோட்டார் உள்ள வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். பழைய மின்சார வண்டிகளிலிருந்து கழற்றிய கலங்களைப் புதிய உறையிட்டு மலிவாக விற்போரும் உண்டு. அவற்றின் கடந்தகால உழைப்பை அறிய வழியில்லாதபோது, பழுதுபார்ப்பவர் இல்லாத தொலைதூரக் கிராமத்திற்கு அவற்றை வாங்கிச் செல்வது சிக்கனமாகாது.

லேவுக்குச் செல்லும் மலைப்பாதைகளில் மாரிக்காலத்தில் போக்குவரத்து தடைபடும். இவ்வளவு பெரிய லித்தியம் கலத்தைப் பயணிகள் விமானத்தில் எடுத்துச் செல்லவும் அனுமதி இல்லை. ஆகையால் கலம் செப்டம்பர் மாதத்திற்குள் வீடு வந்து சேர்ந்து, கடுங்குளிர் தொடங்குமுன் சில வாரங்கள் உழைத்துக் காட்டுவது நல்லது. குறைபாடு இருந்தால் திருப்பி அனுப்பப் பாதை அப்போது திறந்திருக்கும். மாரிக்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு லேவிற்கு இடம்பெயரும் குடும்பங்கள், கலத்தைப் பாதியளவு மின்னேற்றி, சூரியத் தட்டையும் இன்வர்ட்டரையும் முற்றிலும் துண்டித்துவிட்டுச் செல்ல வேண்டும். கலத்தின் ஆயுள் முடிந்தபின் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, 2022-ஆம் ஆண்டின் சேமக்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளரைச் சார்ந்தது. லேவில் அந்தக் கலத்தை யார் ஏற்றுக்கொள்வர் என்பதை, பணம் செலுத்துமுன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது உசிதம்.